செந்திலுக்கு, உன் முதுகு பத்தி

டேய் செந்திலு,

உன் முதுகு க்ளெய்ம மறுத்து விஏ, அதான் வெட்டரன்ஸுங்கற முன்னாள் ராணுவத்தாருக்கான அமெரிக்க அரசுத் துறை, போட்ட டினையல் லெட்டர நீ அனுப்புனத ரெண்டு தடவ படிச்சேன்டா, ராத்திரி ஒரு தடவ, காலைல வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ. லெட்டர விட நீ கீழ எழுதியிருந்த "விடு மச்சான், பிச்ச கேக்கற மாதிரி இருக்கு"ங்கற அந்த ஒரு வரிதான் மனசுல முள்ளா குத்திக்கிட்டு இருக்கு. இது பிச்சை இல்லடா. நாம மாவ்னில, அதான் குடியுரிமை இல்லாதவங்களையும் அமெரிக்க ராணுவத்துல எடுத்த திட்டத்துல, சேர்ந்தப்போ தமிழ் தெரிஞ்ச ஆளுங்க அவங்களுக்கு வேணும்னு எடுத்தாங்க, நாம கையெழுத்து போட்டோம், ஃபோர்ட் ஜாக்சன் ட்ரெயினிங்ல மண்ணத் தின்னோம், அப்புறம் ஆப்கானிஸ்தான்ல பக்ராம் போனோம். உன் உடம்பு போனதுக்குச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கற காசு அது, யாரும் இரக்கப்பட்டுக் குடுக்கல.

நீ வீட்ல யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதியிருக்க. தங்கச்சிகிட்ட சொல்லுடா. நீ குனிஞ்சு ஷூ போடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தினமும் பாக்கறது அவதான், அவ எழுதித் தர்ற ஒரு பக்கத்துக்கும் மதிப்பு இருக்கு, அது கீழ சொல்றேன்.

இப்ப லெட்டருக்கு வர்றேன். விஏ மூணு விஷயம் பாக்கும், இப்ப வியாதி இருக்கா, சர்வீஸ்ல ஏதாவது நடந்துச்சா, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா. உனக்கு முதல் ரெண்டும் இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, எம்ஆர்ஐல டிஸ்க் தேஞ்சிருக்கு, ராணுவத்துல உடம்பு சரியில்லன்னு போனப்ப எழுதுன சிக் கால் ஸ்லிப்ல ஒரு தடவ முதுகு வலின்னு இருக்கு. மூணாவதுலதான் விழுந்திருக்க, அதத்தான் நெக்ஸஸ்னு சொல்றாங்க. விஏவுக்காக உன்னப் பரிசோதிச்ச எக்ஸாமினர் எழுதினது என்ன, ஒரே ஒரு தடவதான் கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்க, அப்புறம் ஆறு வருஷம் ஒண்ணும் இல்ல, அதனால இது வயசால வந்த தேய்மானம். அவ்வளவுதான். உனக்கு அப்ப என்ன வயசு, முப்பத்தஞ்சு கூட ஆகல, அந்த வயசுல வயசு காரணம்னு எழுதறதுக்கு ஒரு காரணமாவது சொல்லியிருக்கணும்ல?

எனக்கும் இதே கதைதான்டா, உன்கிட்ட முழுசா சொன்னதில்ல. என் முதுகு க்ளெய்ம் முதல்ல போனப்ப நான் என்ன பண்ணேன், எனக்கு இங்க வழக்கமா பாக்கற டாக்டர்கிட்ட போயி ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டேன். நல்ல மனுஷன், உடனே மூணு வரி எழுதி, இவரோட முதுகு வலி மிலிட்டரி சர்வீஸால வந்திருக்கலாம்னு கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. நான் அத வச்சுக்கிட்டு ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன். விஏ அத ஒரே வரில தள்ளிருச்சு. ஏன்னா வந்திருக்கலாம்னா வராமலும் இருந்திருக்கலாம், அது வெறும் யூகம்னு எடுத்துக்குவாங்க. அவங்களுக்கு வேண்டிய வார்த்தை "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்", அதாவது பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லணும். நூறு சதவீதம் உறுதியா சொல்ல வேண்டாம், ரெண்டு பக்கமும் தராசு சமமா நின்னாலே சட்டப்படி நம்ம பக்கம்தான் சாயணும். இத நீ பாக்கப்போற டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிரு, பல பேர் கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி பயந்துட்டு ஒதுங்கறாங்க.

ஆனா அந்த வார்த்தைய மட்டும் போட்டா போதும்னு நினைச்சிராத, அங்கதான் எல்லாரும் ஏமாறாங்க. வார்த்தை சரியா இருந்து காரணம் இல்லன்னா அதுவும் வெறும் பேப்பர்தான். 2008-ல வெட்டரன்ஸ் கோர்ட் நியெவ்ஸ்-ராட்ரிகஸ் எதிர் பீக்ங்கற கேஸ்ல சொன்னது இதுதான், ஒரு மருத்துவ அபிப்பிராயத்தோட எடை அதுக்குள்ள இருக்கற காரணத்துலதான் இருக்கு, டாக்டர் ஃபைலப் புரட்டினாரா இல்லையாங்கறதுல மட்டும் இல்ல. அதனால உன் டாக்டர் எழுதற ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாடியும் ஏன், ஏன்னு கேட்டா பதில் இருக்கணும்.

அதுக்கு முதல் வேலை டாக்டரத் தேடறது இல்லடா, உன் சி-ஃபைல, அதான் உன் க்ளெய்ம் பத்தி விஏ வச்சிருக்கற மொத்த ஃபைல, வாங்கறது. 20-10206 ஃபார்ம் போடு, சி அண்ட் பி எக்ஸாம், அதான் க்ளெய்முக்காக விஏ பண்ற பரிசோதனை, அந்த ரிப்போர்ட்டும் சேத்து வேணும்னு எழுது. வர நாளாகும், அதனால இன்னைக்கே போடு. எனக்கு அது வந்தப்ப ஞாயித்துக்கிழமை முழுக்க தரையில பரப்பி வச்சு ஒவ்வொரு பக்கமா பாத்தேன். ஊர் திரும்பறதுக்கு முன்னாடி வரிசையில நிக்க வச்சு ஒரு ஹெல்த் கேள்வித்தாள் குடுத்தாங்களே, டிடி 2796, ஞாபகம் இருக்கா, அதுல முதுகு வலிக்கு ஆமான்னு நானே போட்டிருக்கேன்டா, எனக்கே மறந்து போச்சு. எக்ஸாமினர் அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்ல, ரிப்போர்ட்ல அதப்பத்தி ஒரு வார்த்தை கிடையாது. உன்னோடதையும் தேடு, ஆமான்னு போட்டிருந்தா பெரிய பலம். போடலன்னாலும் முடிஞ்சு போச்சுன்னு இல்ல, ரெக்கார்ட் இல்லங்கற ஒரே காரணத்துக்காக ஒரு வெட்டரன் சொல்றத நம்பாம விடக்கூடாதுன்னு 2006-லயே ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் சொல்லியிருக்கு. அங்கதான் தங்கச்சியோட பக்கமும் என்னோட பக்கமும் உதவும்.

அந்த ஆறு வருஷம் ஏன் வெறுமையா இருக்குன்னு நமக்குத் தெரியும். என்ன வலின்னாலும் 800 மில்லிகிராம் மோட்ரின் வலி மாத்திரை, நிறைய தண்ணி குடி, போ. வெளிய வந்தப்புறமும் நீ அதே மாத்திரையத்தான் கடைல வாங்கித் தின்னுட்டு வண்டி ஓட்டிட்டு இருந்த, இன்சூரன்ஸும் இல்ல. இத உன் ஸ்டேட்மென்ட்ல எழுது, டாக்டர்கிட்டயும் சொல்லு, அவர் அந்த இடைவெளிய நேரா எடுத்துப் பேசணும், எக்ஸாமினர் சொன்னத ஒதுக்கிட்டுப் போகாம அது ஏன் சரியில்லன்னு எழுதணும். என்னோட ரெண்டாவது டாக்டர் அப்படித்தான் எழுதினாரு, முதுகெலும்பு மறுவாழ்வு பாக்கற ஸ்பெஷலிஸ்ட், ஃபைல் முழுக்கப் படிச்சாரு, ஒரு மணி நேரம் பரிசோதிச்சாரு, நாலு பக்கம். பாரம் தூக்கறப்ப டிஸ்க்ல என்ன ஆகுது, அது ஏன் வருஷக்கணக்குல மெதுவா மோசமாகுது, எம்ஆர்ஐல இருக்கற மாற்றம் ஏன் என் வயசுக்கு அதிகம், எல்லாம். அவரோட படிப்பு அனுபவம் எல்லாத்தையும் தனியா ஒரு தாள்ல இணைச்சாரு. 1,200 டாலர் ஆச்சு, விஏ அதத் திருப்பித் தராது, கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, எனக்கு அந்த டாக்டர் மேல மரியாதை வந்ததே இதனாலதான். தோள்பட்டைக்கும் சேத்து எழுதுவீங்களான்னு கேட்டேன், பாத்துட்டு இல்ல, இதுக்கும் சர்வீஸுக்கும் தொடர்பு தெரியலன்னு சொல்லிட்டாரு. நான் அத ஃபைல் பண்ணல. நீயும் டாக்டர்கிட்ட கேள்வியக் குடு, பதில எழுதிக் குடுக்காத. ரெக்கார்ட் எதுவும் பாக்காம ஃபோன்ல பத்து நிமிஷம் பேசிட்டு லெட்டர் தர்றேன்னு சொல்றவன், ஜெயிச்சா பேக் பேல, அதான் மொத்தமா வர்ற பழைய பாக்கில, இத்தன பர்சன்ட்னு கேக்கறவன், இவங்க பக்கமே போகாத. டாக்டரோட ஃபீஸ் வேற, க்ளெய்ம் போட்டுத் தர்ற ஃபீஸ் வேற. முதல் முடிவு வர்றதுக்கு முன்னாடி க்ளெய்ம் போட்டுத் தர யாரும் காசு வாங்க சட்டத்துல இடமே இல்ல. உங்க கவுன்ட்டில வெட்டரன் சர்வீஸ் ஆபீசர் இருப்பாரு, டிஏவி, அமெரிக்கன் லீஜியன்னு வெட்டரன்ஸ் சங்கங்க எல்லாம் இருக்கு, சுத்தமா இலவசம்.

இப்ப முக்கியமான விஷயம், உன் லெட்டர ரெண்டாவது தடவ படிக்கறப்பதான் பட்டுச்சு. உன் இடது முட்டி ஏற்கனவே சர்வீஸ் கனெக்டட், அதாவது சர்வீஸால வந்ததுன்னு விஏ ஒத்துக்கிட்டது, 10 பர்சன்ட் பாதிப்புன்னு இருக்குல்ல? முட்டி வலியால நீ பத்து வருஷமா ஒரு பக்கமா சாஞ்சு நடக்கற, நான் வீடியோ கால்ல பாக்கறப்பவே தெரியுது. அந்த நடையே முதுகக் கெடுக்கும். முட்டியால முதுகு வந்துச்சான்னு ஒரு கேள்வி, வரலன்னாலும் முட்டியால முதுகு இன்னும் மோசமாச்சான்னு இன்னொரு கேள்வி, ரெண்டுக்கும் தனித்தனியா பதில் வேணும், செகண்டரின்னு சொல்றது இதத்தான். உன்னோட எக்ஸாமினர் ரெண்டையுமே தொடல, நீயும் கேக்கல. உன் டாக்டர மூணு கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லு, நேரா சர்வீஸால வந்துச்சா, முட்டியால வந்துச்சா, முட்டியால மோசமாச்சா. ஒண்ணு தோத்தாலும் இன்னொண்ணு நிக்கும்.

லெட்டரும் டிபிக்யூவும் ஒண்ணுன்னு குழப்பிக்காத. தொடர்பச் சொல்றது லெட்டர், எவ்வளவு மோசம்னு அளந்து சொல்றது டிபிக்யூ ஃபார்ம், அத வெளி டாக்டரே நிரப்பலாம். முன்னாடி குனியறப்ப எந்த டிகிரில வலி ஆரம்பிக்குதுன்னு கருவி வச்சு அளக்கணும். சி அண்ட் பில நான் பண்ண தப்பு என்னன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு முழுசா குனிஞ்சு காட்டினேன், சார்ஜன்ட் முன்னாடி நிக்கற மாதிரி. வலிக்குதுன்னு சொல்ல வாய் வரல. நீயும் அப்படித்தான் பண்ணியிருப்ப, உன்ன எனக்குத் தெரியாதா. கூட்டிச் சொல்ல வேண்டாம்டா, ஆனா மோசமான நாள் எப்படி இருக்கும்னு மறைக்காமச் சொல்லு.

எந்தப் பாதைன்னு கேட்டல்ல, ஹையர் லெவல் ரிவ்யூ, அதான் விஏல மேல இருக்கறவர் மறுபடி பாக்கறது, வேண்டாம், அதுல புது ஆதாரம் எதுவும் குடுக்க முடியாது, லெட்டர் வீணாப் போயிரும். சப்ளிமென்டல் க்ளெய்ம், 20-0995 ஃபார்ம், அதுல புதுசா சம்பந்தமுள்ள ஆதாரம் வேணும், உன் லெட்டர்தான் அது. டினையல் லெட்டர்ல இருக்கற தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டா ஜெயிக்கறப்ப பழைய தேதிக்கே கணக்கு போகும், தாண்டிட்டா அந்த மாசங்க எல்லாம் போச்சு. தேதிய ஃப்ரிட்ஜ் மேல ஒட்டு.

அப்புறம் உன் மூக்கடைப்பு, சைனஸுக்கும் லெட்டர் வாங்கணுமான்னு கேட்டிருந்த. அதுக்குக் காசு செலவழிக்காத. 2022 ஆகஸ்ட்ல வந்த பேக்ட் ஆக்ட்ங்கற சட்டப்படி ஆப்கானிஸ்தான்ல இருந்தவங்களுக்கு நாள்பட்ட ரைனிடிஸ், சைனசைடிஸ் எல்லாம் சர்வீஸால வந்ததாவே எடுத்துக்குவாங்க, டாக்டர் கண்டுபிடிச்ச ரெக்கார்ட் இருந்தா போதும்.

என் பங்குக்கு 21-10210 ஃபார்ம்ல சாட்சி எழுத ஆரம்பிச்சிட்டேன். ஜெனரேட்டர் பார்ட்ஸ எறக்கறதுக்கு ட்ரக்குல இருந்து ஃபுல் கிட்டோட குதிச்சியே, முட்டி மடங்கி சரிஞ்சு அந்தப் பொட்டி உன் இடுப்புல சாஞ்சுது, நானும் இன்னொருத்தனும் தூக்கி விட்டோம், நீ ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு மிச்சப் பொட்டியையும் எறக்குன. அன்னைக்கு ராத்திரி பங்க்ல திரும்பிப் படுக்க முடியாம முனகினத நான் கேட்டேன்டா. காலைல கேட்டப்ப தூக்கம் வரலன்னு சொன்ன. அத அப்படியே எழுதியிருக்கேன், பாத்தத மட்டும், ஒரு சொல் கூட்டல. அது 2011 நவம்பரா டிசம்பரா, எனக்குக் குளிர் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. உன் பழைய ஃபோட்டோல தேதி இருக்கும், பாத்துச் சொல்லு, தேதி போடாம கையெழுத்து போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை கூப்புடறேன், தங்கச்சியையும் பக்கத்துல உக்கார வை.

பிரபு