பொன்னி மூட்டையில் ரகத்தின் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரபணுத் திருத்தம் செய்த அரிசியை, அதாவது வெளி மரபணு சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவையே மாற்றிய அரிசியை, மக்கள் ஏற்பார்களா என்று பேசுகிறோம். ஏற்கவோ மறுக்கவோ அது எந்த மூட்டையில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! இன்றைய நெல் வணிகத்தில் அதற்கு வழியில்லை.

2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களில் ஒன்று கமலா (டிஆர்ஆர் தான் 100). ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கியது. சம்பா மசூரி என்பது நம் கடைகளில் ஆந்திரா பொன்னியாக விற்கும் பிபிடி 5204தான். அதிலுள்ள சிகேஎக்ஸ்2 மரபணு, கதிரில் மணி பிடிக்க உதவும் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும். அதன் வேலையைக் குறைத்ததால் மணி கூடுகிறது. அறுவடையும் சுமார் 20 நாள் முந்துகிறது என்கிறார்கள். பிடி பருத்தியைப் போல இதில் பாக்டீரியா மரபணு கிடையாது. இவ்வகைப் பயிர்களுக்கு 2022 மார்ச்சிலேயே, மரபணு மாற்றப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கும் தந்துவிட்டார்கள்.

சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிவராது. வழக்கமான மரபணு மாற்றப் பரிசோதனை, வெளியிலிருந்து புகுத்திய 35எஸ், நாஸ் போன்ற டிஎன்ஏ துண்டுகளைத்தான் தேடும். இந்த அரிசியில் அவை இருக்காது. 'இல்லை' என்றே முடிவு வரும். திருத்திய இடத்தைக் குறிவைத்துச் சோதித்தால் சிக்கும். மண்டியில் அதை யார் செய்யப்போகிறார்கள்? ஆகவே காகிதம்தான் சாட்சி.

அந்தக் காகிதம் பாதி வழியிலேயே அறுந்துவிடுகிறது. விதை மூட்டையின் நீலச் சான்று அட்டையில் ரகமும் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) இருக்கும். அதே வயலின் நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்தால் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே பிரிவு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். ரகத்தின் பெயர் அங்கேயே தொலைந்துபோகும். செங்குன்றம் பக்கத்து ஆலைகளில் பல ஊர் நெல் ஒரே ஊறல் தொட்டியில் இறங்கினால் பிரிக்க முடியாது. தனித்தனியாக அவித்தாலும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் தங்கிய பழைய நெல் அடுத்த லோடின் முதல் மூட்டைகளில் கலந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. கொள்முதல் ரசீதில் ரகத்துக்கும் விதை அட்டையின் குவியல் எண்ணுக்கும் இடம் விட வேண்டும். கமலா லோடை அன்றைய கடைசி லோடாக அரைத்து, பிறகு எலிவேட்டர் அடியைத் துப்புரவாக்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் கலக்கும் என்பதால், எத்தனை சதவீதம் வரை பொறுக்கலாம் என்று அரசு சொல்லிவிட வேண்டும். இல்லையேல் ஆலைக்காரர் தலையில்தான் விடியும். 25 கிலோ வரையான பொட்டலத்துக்கு ஜிஎஸ்டி என்றதும் 26 கிலோ மூட்டைக்கு மாறத் தெரிந்த வணிகத்துக்கு, பையில் ஒரு வரி கூடுதலாக அச்சடிப்பது கஷ்டமா?

எழுதினால் மக்கள் பயப்படுவார்கள் என்பது வீண் வாதம். ஜப்பானில் 2021இல் வந்த, மரபணுத் திருத்தத்தால் காபா என்ற அமினோ அமிலத்தைக் கூட்டிய தக்காளியை, சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும், திருத்தம் செய்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். மறைத்து விற்றுப் பின்னால் தெரிந்தால், ஆந்திரா பொன்னி மொத்தத்துக்கும் கெட்ட பெயர் வரும்.

ரேஷன் அட்டைதாரருக்கு மூட்டையைத் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. அங்கே கடையின் இருப்புப் பலகையில் ரகத்தை எழுத நுகர்பொருள் வாணிபக் கழகம் இப்போதே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
அரிசி வணிகம் அறிந்த வாசகர்கள்,
சென்னை.