மும்மூர்த்திகளின் கண்ணீர்: சபா நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இளையோர் கர்நாடக இசைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான என் மாணவியின் பெயரை நீக்கித் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மேடையில் திரையிசை பாடுவோர் பங்கேற்கலாகாது என்னும் ஒன்பதாம் விதியைத் தங்களுக்கு விளக்கப்போவதில்லை. ஆனால் இத்தகைய பாட்டைக் கேட்டால் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் கண்ணீர் வடிப்பார்கள் என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். அவர்கள் பெயரை இழுத்ததால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். அந்த விதியை நீக்குங்கள். அவளைப் பாட விடுங்கள்.

முத்துசுவாமி தீட்சிதர் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்கவே வேண்டாம்; அவர் செய்தே காட்டியிருக்கிறார். சென்னையை அடுத்த மணலியில் செல்வந்தரான முதலியார் ஒருவரின் ஆதரவில் குடும்பம் வாழ்ந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளம் வாசித்த பேண்டு இசையைக் கேட்டவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டே 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. தம்பி பாலுசுவாமி பிடில் கற்றுக்கொண்டார். அது பக்கத்தில் இல்லாமல் தங்கள் சபாவில் இன்று வாய்ப்பாட்டுக் கச்சேரி நடப்பது அரிது. தொடக்கநிலைப் பிரிவுக்குத் தாங்களே அச்சிட்டுக் கொடுத்திருக்கும் 'சக்தி ஸஹித கணபதிம்' மேற்கத்திய மெட்டில் அமைந்த அதே 'நோட்டு ஸ்வர' வகையைச் சேர்ந்ததுதான். தியாகராஜரின் 'வரலீல கானலோல'வில் மேற்கத்திய மெட்டின் நடை கேட்கிறது. இன்றைய பாட்டெல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. பக்தியில்லாத சங்கீத ஞானத்தைத் தன்யாசி ராகப் பாடலில் கண்டித்த தியாகராஜர், சில பாடல்களின் முதல் வரியிலேயே எழுந்து போயிருப்பார். இருந்தாலும், கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்.

இனி, தாங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். அவளுடைய தந்தை மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். முகூர்த்த நாள்களில் திருமண வரவேற்புகளில் அவரோடு அவளும் பாடுகிறாள். இரவு பதினொரு மணிக்கு மண்டபத்திலிருந்து திரும்பும் பெண், காலை ஐந்து மணிக்குக் கீறல் விழுந்த கைப்பேசியில் தம்புராச் செயலியை ஓடவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குபவர்கள் விழித்துவிடாதபடி குரலை அடக்கிக்கொண்டு, சாருகேசி ராகத்தின் சுத்த தைவத ஸ்வரம் சரியாக நிற்கும்வரை அதே பிடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். வகுப்புக்கு வரும் பேருந்துச் செலவும் தங்கள் போட்டியின் நுழைவுக் கட்டணமும் அந்த வரவேற்புப் பணத்திலிருந்து வந்தவையே. திரைப்பாட்டுத் தீட்டு தங்கள் மேடைக்கு இருக்கிறது. கல்லாவுக்கு இல்லை போலும், கட்டணம் திரும்பி வரவில்லை.

யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்தே முடிவெடுத்ததாகக் கடிதம் சொல்கிறது. அதில் அவள் பாடுவது 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலையை'. மண்டபத்துப் பெரியவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டு. ராகம் சாருகேசி. இறுதிச் சுற்றில் பாட அவள் தேர்ந்தெடுத்திருந்தது தியாகராஜரின் 'ஆடமோடி கலதே', அதுவும் சாருகேசிதான். அந்தப் படத்துக்குப் பாடல் எழுதிய பாபநாசம் சிவன் 1971இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், திரையில் நடித்தவரும்கூட. ஒன்பதாம் விதி அச்சாகியுள்ள அதே பக்கத்தில், நான்கு வரிகள் மேலே, பாபநாசம் சிவன் கீர்த்தனைகளுக்கெனத் தனிப் பரிசு அறிவித்திருக்கிறீர்கள். அவரே விண்ணப்பித்திருந்தாலும் தள்ளுபடிதான் செய்திருப்பீர்கள். எனவே மீண்டும் கேட்கிறேன்: அந்த விதியை நீக்குங்கள்.

மும்மூர்த்திகள் கண்கலங்கக் காரணம் தேடினால், சபாவுக்கு உள்ளேயே கிடைக்கும். சென்ற ஆண்டு இறுதிச் சுற்றில் ஒரு சிறுவன், செல்வமா பெரும் சுகம் என்று கேட்கும் 'நிதி சால சுகமா' பாடியபோது, அவன் தலைக்கு மேல் நகைக்கடைப் பதாகை ஒன்று மேடையின் அகலத்துக்குத் தொங்கியது. மன்னர் சரபோஜியின் அழைப்பையே வேண்டாமென்றவர் என்று போற்றப்படும் தியாகராஜரின் கீர்த்தனை அது. முன்வரிசை நன்கொடையாளர்கள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க ஏதேனும் விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். நடுவர்கள் அவளுடைய பாட்டைக் கேட்டுக் குறை கண்டால் மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். நானும் அவளும் தலைவணங்கி ஏற்போம். கேட்காமலே விலக்குவதைத்தான் ஏற்க இயலவில்லை. ஒன்பதாம் விதியைத் திரும்பப் பெற்று, அவள் பெயரை மீண்டும் பட்டியலில் சேர்த்து, அந்த முடிவை இறுதிச் சுற்றுக்கு முன்பாக எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பக்கவாத்தியக் கலைஞர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க உதவும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்: அவளுடைய சுருதி ஐந்தரைக் கட்டை.

இங்ஙனம்,
அவளுடைய பாட்டு ஆசிரியை