முதல் இரண்டு வருடம் கூட நில்லுங்கள்: இலங்கைக் கோல்ஃப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கோல்ஃப் சங்க நிர்வாகிகளுக்கும் விளையாட்டுத்துறை அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். அமெச்சூராக ஆடி நன்றாக வந்த ஒரு பிள்ளை தொழில்முறை வீரராக மாறியதும் அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வருடமாவது கூட நில்லுங்கள்.

தேசிய அணியில் இருக்கும்வரை டிக்கெட், தங்குமிடம் எல்லாம் யாராவது பார்த்துக்கொள்வார்கள். புரோ ஆனதும் அத்தனையும் அவர் தலையில் விழுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்ட உள்ள களம் பிஜிடிஐ எனப்படும் இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் சுற்றுப்போட்டிகள்தான். அதற்குப் போக விமான டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம், அங்கே பை சுமக்கும் கெடிக்குக் கூலி. நான்கு நாள் போட்டி என்றால் முதல் 36 குழிகள் முடிந்ததும் 'கட்' விழும், அதாவது கூடுதல் அடி எடுத்தவர்கள் வெளியேற வேண்டும். ஒரே ஒரு அடி கூடிப்போய் அதில் தவறினாலும் பரிசுப் பணத்தில் ஒரு சதம் கிடையாது. செலவு மட்டும் செலவுதான். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது நாங்கள் எல்லோரும் திண்டாடினோம். வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்துத்தான் தொழிலே செய்ய முடியும் என்ற நிலையில் இருந்த இந்தப் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பேஸ்லைன் வீதிப் பக்கம் குடியிருப்பவன். எங்கள் பகுதியில் ஒரு தம்பி இருக்கிறார். சின்ன வயதில் பை சுமக்கப் போய், அங்கேயே பார்த்துப் பார்த்து ஆட்டம் பிடித்தவர். போட்டிக்குப் புறப்படும் முன் பந்துகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். கீறல் விழுந்தது பயிற்சிக்கு, விழாதது போட்டிக்கு. கையுறையும் அப்படித்தான், உள்ளங்கை கிழிந்ததைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, நல்லதைப் போட்டி நாளில்தான் பிரிப்பார். "இவன் வேலைக்குப் போறானா, விளையாடப் போறானா எண்டு சனம் கேக்குது" என்று அவருடைய அம்மா என்னிடம் சொன்னார். ஸ்பொன்சர் தேடிப் போன இடத்தில், பெயர் வந்த பிறகு வாருங்கள் என்றார்களாம். பெயர் வருவதற்குத்தானே அந்தக் காசு வேண்டும்?

பை சுமந்தவர்களால் எதுவரை போக முடியும் என்பதற்கு அயல்நாடுகளே சாட்சி. டாக்கா குர்மிட்டோலா மைதானத்தில் கெடியாக இருந்த சித்திக்குர் ரஹ்மான் 2010 இல் புருணை ஓப்பனையும் 2013 இல் இந்தியன் ஓப்பனையும் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009 இல் இந்தியன் ஓப்பனை வென்றார். கொல்கத்தா மைதானப் பராமரிப்பாளரின் மகன் சௌரசியா 2016 இலும் 2017 இலும் அதே பட்டத்தை அடுத்தடுத்து எடுத்தார். இவர்கள் யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

எங்களுக்கு மட்டும் என்ன குறை? காலிமுகத்திடலில் ஆடத் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப் 1879 இல் உருவானது. இன்று பொரளைப் பக்கம் உள்ள அதன் மைதானத்துக்குள்ளால் களனிவெளி ரயில் ஓடுகிறது. நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே மைதானம் வந்துவிட்டது. திகனயில் விக்டோரியா மைதானம் இருக்கிறது. ஆட்களும் இல்லாமலில்லை: நந்தசேன பெரேரா, அவர் மகன் மிதுன் பெரேரா, அனுர ரோஹன, தங்கராஜா, பிரபாகரன். இந்த வரிசையில் தமிழ்ப் பெயர்களைப் பார்க்கும்போது எனக்குத் தனிச் சந்தோஷம், அதை மறைக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருடப் பழமைக்கு இந்தப் பட்டியல் மிகவும் சின்னது. திறமை இல்லாததால் அல்ல, இடையில் கையில் காசில்லாமல் விட்டுப் போனவர்களால்தான் இது சின்னதாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை குட்டி என்று ஆனபின், சம்பளம் இல்லாத தொழிலை எத்தனை பேரால் பிடித்துக்கொண்டிருக்க முடியும்?

அரசாங்கத்திடம் காசில்லை என்பது தெரியும். ஆனால் கொழும்புக் கம்பனிகள் கோல்ஃப் நாள் நடத்துகின்றன, கோப்பை கொடுக்கின்றன, விருந்து வைக்கின்றன. ஒவ்வொரு கோல்ஃப் நாளிலும் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு நிதி தொடங்குங்கள். புதிதாகப் புரோ ஆகும் மூன்று நான்கு பேருக்குப் போட்டிச் செலவை அதிலிருந்து கொடுக்கலாம். இனாமாக வேண்டாம். பரிசு வென்றால் அதில் ஒரு வீதம் நிதிக்குத் திரும்பட்டும். அடுத்து வருகிறவருக்கு அது உதவும். யாருக்குக் கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தெரிந்தவர் பிள்ளை என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது.

அப்புறம், பயிற்சி. வார நாட்களில் மைதானம் ஆறுதலாக இருக்கும் நேரங்களை இவர்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டால் அதுவே பெரிய உதவி. அங்கத்துவக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் வேறு எங்கே போய்ப் பழகுவார்? பிஜிடிஐ போட்டிகள் முன்பு இலங்கையிலும் நடந்திருக்கின்றன. அவை வருடாவருடம் இங்கே வந்தால், எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாரமாவது விமானச் செலவு மிஞ்சும்.

பிஜிடிஐ தகுதிச் சுற்று வழமையாக வருட ஆரம்பத்தில் வருகிறது. அதற்கு முன்பே இந்த நிதியை அறிவியுங்கள். எங்கள் தம்பி அதற்குப் பெயர் கொடுப்பதா, வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுவதா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
பேஸ்லைன் வீதியிலிருந்து ஒரு கோல்ஃப் ரசிகன்