ஸ்பூல் டேப்பைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதற்கு முன்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பங்காளிகளுக்கும் வணக்கம். உங்கள் வீடுகளில் கிடக்கும் பழைய ஸ்பூல் டேப்புகளை, அதாவது சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாக்களை, பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் நகரத்தார் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் சாப்பிட்டு வளர்ந்தவன். காரைக்குடியில் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உங்கள் ஐயாக்கள் கொண்டுவந்த செட்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நான் 1983-ல் வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். முப்பது வருடம் மைக் முன்னால் ஓடிவிட்டது.

எங்கே போனாலும் முதல் கேள்வி, "கண்ணதாசனைப் பார்த்திருக்கிறீர்களா?" என்பதுதான். இல்லை. சிறுகூடல்பட்டிக் கவிஞர் 1981 அக்டோபர் 17-ல் சிகாகோவில் காலமானார். நான் அப்போது மாணவன். அடுத்தது ஏ.வி.எம். அந்த ஸ்டுடியோ இங்கே 1946-ல் தொடங்கி, 1948-லேயே சென்னைக்குப் போய்விட்டது. நான் பிறக்கவே இல்லை. ஊரின் பெரிய பேர்கள் இரண்டையும் கோட்டை விட்டவன் நான்.

மற்றவர்கள் பலரைப் பார்த்தேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ. திரையில் கண்ணை உருட்டினால் தியேட்டரே அலறும் ஒரு வில்லன் நடிகர், ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாயடைத்துப் போனார். மூன்று டீ குடித்தார். முன்கூட்டியே எழுதி வைத்த பதில்களைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தார். "முடிந்தது சார், டேப்பை நிறுத்திவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் பேச ஆரம்பித்தார். நாடகக் கம்பெனியில் பசியோடு கிடந்தது, அம்மாவுக்கு முதல் மணியார்டர் அனுப்பியது, எல்லாம். நான் உண்மையாகவே நிறுத்தியிருந்தேன். அதற்காக இன்றுவரை வருத்தம்தான். நிறுத்தாமல் ஏமாற்றியிருந்தால் அதற்கும் வருந்தியிருப்பேன், அது வேறு விஷயம்.

நான் எழுத வந்தது ஒரு நாகஸ்வர வித்வானைப் பற்றி. 1986-ல் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்தோம். சுவரெல்லாம் துளை போட்ட பலகை, தரையில் கம்பளம். நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை ஈரப்படுத்தி, மாட்டி, இரண்டு பிடி ஊதினார். உடனே கீழே வைத்துவிட்டார். "என்னய்யா இது, ஊதினா திரும்பியே வரலை!" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "வர்ற வாரம் செட்டிநாட்டில் ஒரு கல்யாணம், அங்கே வா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

போனேன். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண்கள். அந்த வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நாயனம் ஊதினால் நாதம் தூணைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. அவர் எதைக் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

தோடி ராகத்தை எடுத்தார். தோளில் மாட்டும் என் ரெக்கார்டரில் ஐந்தங்குல ஸ்பூல்தான் ஏறும். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆலாபனை உச்சத்தில் இருந்தது, டேப் முடியப் போகிறது, எனக்குக் கை நடுங்கியது. வித்வான் கண்ணை மூடியிருப்பதாகத்தான் நினைத்தேன். அரைக்கண்ணால் ஸ்பூலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! ஊதிக்கொண்டே தவில்காரருக்கு ஒரு ஜாடை காட்டி, வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டார். தவில் ஒரு சுற்று வாசித்தது. நான் புது ஸ்பூலை மாட்டி நிமிர்ந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அத்தனை பெரிய வித்வான், மூன்று வருட சர்வீஸ் உள்ள ஒரு பையனுக்காகக் காத்திருந்தார்.

அந்தப் பதிவு ஒரே ஒரு முறை ஒலிபரப்பானது. அப்புறம் ஸ்பூல் தட்டுப்பாடு. பழைய டேப்புகளை அழித்துத் திரும்ப உபயோகிக்கப் பட்டியல் போட்டார்கள். எண்கள் மட்டும் இருந்த பட்டியல். படித்துப் பார்க்காமல் "அழிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தோடியின் மேல் உர விலை பற்றிய ஓர் உரைதான் பதிவானது.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அன்றைக்கு அந்த வளவில் என்னுடைய மெஷின் மட்டும் ஓடவில்லை. தூணுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்காரர்களின் சொந்த ரெக்கார்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சர்வீஸ் செய்து கொடுத்ததுதான். ஏழங்குல ஸ்பூல், பாதி வேகம். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும். அப்பாவின் பழைய நோட்டுகளில் இப்படி ரெக்கார்டர் வைத்திருந்த வீடுகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். கல்யாணக் கச்சேரிகள் மட்டும் இல்லை, சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் விழாப் பேச்சுகளையும் சில வீடுகளில் பதிந்து வைத்திருந்தார்கள்.

காகிதத்துக்கு நம் பக்கத்தில் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகத்தோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. டேப்புக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பதினொரு பங்கு. சாவி சென்னையில். சாமான்களைப் போன வருடமே பிரித்து எடுத்துவிட்டார்களாம். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போது மாடிப் பெட்டிகளையும் ஒரு தரம் பாருங்கள். டேப் கிடைத்தால் உடனே மெஷினில் போட்டு ஓட்டாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் பிய்ந்துவிடும். வினிகர் வாசம் அடித்தால் அதை மட்டும் தனியாக வையுங்கள். மேலே எழுதியிருக்கும் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். சங்கக் கட்டடங்களில் ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தால் போதும். ஓடுகிற மெஷின் என்னிடம் இருக்கிறது.

போன மாதம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் ஏழங்குல ஸ்பூல் ஒன்று கிடைத்தது. ஹோட்டல்காரர்கள் சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறார்களாம். பெட்டியின் மேல் பென்சிலில் "மேளம் 2" என்று எழுதியிருந்தது. சுத்தம் செய்து ஓட்டினேன். யாரோ ஓர் ஆச்சி வெற்றிலைத் தட்டு எங்கே என்று சத்தம் போடுகிறார். துக்கடா என்கிற சின்ன உருப்படி ஒன்று முடிகிறது. அப்புறம், மைக்குக்கு வெகு பக்கத்தில், "ஒரு நிமிஷம் அண்ணே, ஸ்பூல் மாத்திக்கிறேன்" என்று இளவயதுக் குரல் ஒன்று. என் குரல்.

தோடி முதல் டேப்பில் இருக்க வேண்டும். அது யார் பங்கில் போனது என்று தெரிந்தவர்கள் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மெஷினோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர்,
காரைக்குடி