தோட்டத்தின் பெயரையே சொல்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ பேராதனைக் கம்பஸ் விடுதியில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குச் சோறு இறங்கியது. நேற்று போனில் ஒன்று சொன்னாயே, அறைப் பிள்ளைகள் ஊர் கேட்டதற்கு நம் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "நுவரெலியா டவுன்" என்று சொல்லிவிட்டதாக. சொன்ன கையோடு வேறு பேச்சுக்கும் போய்விட்டாய். அது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் இல்லை, மகள். நானும் அதைச் செய்தவன்தான். டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு படிக்கப் போனபோது, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம் என்று ஒரு வருடம் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரு நாள் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வருகிறேன் என்றான். காய்ச்சல் என்று பொய் சொல்லி மூன்று நாள் பள்ளிக்கூடமே போகாமல் கிடந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த உன் அப்பாயி என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இன்றைக்கும் மனசைக் குத்துகிறது.

சரி, நீ இப்போது நடந்து திரிகிற நிலம் எது தெரியுமா? கம்பஸ் வருவதற்கு முன் அது நியூ பேராதனை எஸ்டேட். பல்கலைக்கழகத்துக்கு அந்த இடம்தான் என்று 1938-ல் அரசாங்க சபை முடிவு செய்தது. 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. ஐவர் ஜெனிங்ஸ்தான் முதல் உபவேந்தர். பத்து வருடம் கழித்து, 1952-ல், பேராதனைக்குக் குடிவந்தார்கள். தோட்டத்திலிருந்து கிளம்பி நீ போய்ச் சேர்ந்திருப்பதும் ஒரு பழைய தோட்டத்துக்குத்தான்.

அங்கே அருணாசலம் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது இல்லையா? சேர். பொன்னம்பலம் அருணாசலம். இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-லேயே சங்கம் சேர்த்துக் கேட்டவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களுக்காகவும் அவர் போராடினார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துரை கொடுக்கிற "துண்டு" இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதும் சீட்டு அது. அந்த முறைக்கும், வேலையை விட்டுப் போனவனைச் சிறையில் போடும் சட்டத்துக்கும் எதிராக 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்தவர் அவர். 1921-ல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. துண்டு முறை ஒழிந்ததும் அதே 1921-ல்தான். அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் போ.

ஆனால் கம்பஸ் திறந்ததும் நமக்கு வழி திறந்துவிடவில்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. பேராதனையில் பிள்ளைகள் வந்து இறங்கிய அந்த 1952-ல் உன் தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். அதற்கு மேல் படிக்க இடம் இல்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் பதிந்து புல்லு வெட்ட அனுப்பிவிட்டார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது எழுபதுகளில்தான். அதற்குப் பிறகு படித்தவன் நான். அந்தக் கதவு எனக்கு ஏ.எல்.லோடு நின்றது, உனக்குத் திறந்திருக்கிறது.

கம்பஸில் பாடம் மட்டும் படித்துவிட்டு வந்துவிடாதே. திறந்தவெளி அரங்கில் நாடகம் என்றால் போய் உட்கார். பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடகத்துக்குப் புது உயிர் கொடுத்ததும், பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கம்பஸில்தான். வெள்ளிக்கிழமையில் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறிப் போ. உனக்குச் சிங்களம் நன்றாக வரும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பஸ்ஸில், கடையில் திணறினால் கூட நில். ராகிங் என்று யாராவது எல்லை மீறினால் பொறுத்துக்கொண்டு இருக்காதே. 1998-லிருந்து அது சட்டப்படி குற்றம். எந்த நேரமானாலும் எனக்குப் போன் எடு.

உன் அடையாள அட்டைப் படத்தை அம்மா தினமும் பார்க்கிறாள். மலையிலிருந்து வந்து கை கழுவின ஈரத்தோடு போனைத் தொடுவாள், விரல் வழுக்கிப் படம் மாறிவிடும், மறுபடி என்னிடம் நீட்டுவாள். விரல் நுனியில் கறுத்த கொழுந்துக் கறை எத்தனை கழுவினாலும் போவதில்லை.

இங்கே நான்கு நாளாக விடாத மழை. கொத்மலை ஓயா கலங்கி ஓடுகிறது. அந்தத் தண்ணீர்தான் மகாவலியில் விழுந்து உங்கள் அக்பர் பாலத்துக்குக் கீழே போகிறது.

சம்பளம் போட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். "நான் வரலாமா, பிள்ளைக்குச் சங்கடமா இருக்குமோ?" என்று அம்மா கேட்டாள். வரலாம் என்று சொல்லிவிட்டேன். ரொட்டியும் மாசிச் சம்பலும் செய்து கொண்டுவருவாளாம். அறையில் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா