முதல் வில்லை உலைக்குப் போகும் முன்

அன்பு மகளுக்கு,

மீக்கடத்தி, அதாவது போதுமான அளவு குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள், பற்றிய லேபில் இடம் கிடைத்ததையும், முதல் வேலையாக ஒய்பிசிஓ (இட்ரியம், பேரியம், காப்பர், ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தி) பொடியை அழுத்தி வட்ட வில்லை செய்து மின்தடை அளக்கச் சொல்லியிருப்பதையும் எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். இளநிலை மாணவர்களுக்கு இந்தப் பொருளைக் கொடுப்பதற்கு நல்ல காரணம் உண்டு. 1911இல் கமர்லிங் ஓனஸ் பாதரசத்தில் மீக்கடத்தலைக் கண்டபோது 4.2 கெல்வின் வரை இறங்க வேண்டியிருந்தது. அதற்குத் திரவ ஹீலியம் தேவை. 1987இல் வந்த ஒய்பிசிஓ 92 கெல்வினிலேயே மாறிவிடும். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதற்குப் போதும்.

அரைப்பதும் சுடுவதும் கம்பி ஒட்டுவதும் கை பழகினால் வந்துவிடும். ஆனால் மீட்டர் பூஜ்யம் காட்டும்போது "இது எந்தப் பூஜ்யம்?" என்ற கேள்வி மட்டும் உனக்குப் பழகிப் போய்விடக் கூடாது. இந்தக் கடிதமே அதற்காகத்தான், கண்ணு. ஆனாலும் பொடியிலிருந்தே தொடங்குகிறேன். பொடியில் விட்ட பிழையை மீட்டரில் திருத்த முடியாது.

பத்து கிராம் ஒய்பிசிஓ வேண்டுமென்றால் இட்ரியம் ஆக்சைடு 1.694 கிராம், பேரியம் கார்பனேட் 5.920 கிராம், காப்பர் ஆக்சைடு 3.580 கிராம். மொத்தம் 11.19 கிராம். இட்ரியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். பாட்டிலிலிருந்து எடுத்து நேராக நிறுத்தால், நிறுத்ததில் ஒரு பங்கு இட்ரியமே இல்லை. முந்தின இரவே 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு நிறு. பேரியம் கார்பனேட் உள்ளே போனால் விஷம். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதே.

அகேட் கல்லாலான கல்வத்தில் மை போல அரைக்க வேண்டும். நிறம் எங்கும் ஒரே சாம்பலாகி, வெள்ளைப் புள்ளி ஒன்றுகூடத் தெரியாதவரை நிறுத்தாதே. பிறகு அலுமினா மூசையில் (உலைக்குள் வைக்கும் கிண்ணம்) 900 முதல் 930 டிகிரியில் ஓர் இரவு. எடுத்து, அரைத்து, மறுபடி சுடு. இப்படி இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் எடை பார். 0.03 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 1.32 கிராம், போயாக வேண்டும். 11.19இல் தொடங்கிய பொடி 9.9 முதல் 10.0 கிராமுக்குள் வந்து நின்றால் கார்பனேட் போய்விட்டது என்று பொருள். 10.4இல் நின்றால் உள்ளே இன்னும் இருக்கிறது. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்கும் முன்பே தராசு அதைச் சொல்லிவிடும். மூசையில் ஒட்டியதும் கல்வத்தில் தங்கியதும் கணக்கைக் குழப்பும் என்பதால், மூசையோடு சேர்த்து உலைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டு வித்தியாசத்தை எழுது.

பொடி கறுப்பாக வர வேண்டும். பச்சை தட்டினால் அது இரண்டு இட்ரியத்துக்கு ஒரு பேரியம், ஒரு காப்பர் உள்ள வேறு சேர்மம். சரியாக அரைபடாமல் விட்டதாலும் வரும். உலை 1000 டிகிரியைத் தாண்டி, பொருள் பகுதி உருகிப் பிரிந்ததாலும் வரும். முதலாவது என்றால் மீண்டும் அரைத்துச் சுட்டுப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் புதிதாகத் தொடங்குவதே மேல். உலையின் திரை காட்டும் வெப்பநிலையும் மூசை இருக்கும் இடத்தின் வெப்பநிலையும் ஒன்றல்ல. தனி தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் இணைக்கம்பி) ஒன்றை மூசை பக்கத்தில் வைத்து ஒருமுறையாவது ஒப்பிடு.

வில்லை செய்ய 13 மில்லிமீட்டர் அச்சும் மூன்று முதல் ஐந்து டன் அழுத்தமும் போதும். அதிகம் அழுத்தினால் அச்சிலிருந்து வெளியே தள்ளும்போது தட்டுத் தட்டாகப் பிளக்கும். வில்லையை வெறும் அலுமினாவின் மேல் வைக்காதே. அதே பொடியைக் கொஞ்சம் பரப்பி அதன்மேல் வை. மூசையில் பேனாவால் எழுதிய பெயர் உலைக்குள் எரிந்து போய்விடும். எந்த மூசை எந்த மூலையில் என்று நோட்டில் படம் போட்டுக்கொள்.

அடுத்தது ஆக்சிஜன். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. 950 டிகிரியில் சுடும்போது வில்லையிலுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி வெளியேறியிருக்கும். ஒரு வாய்பாட்டு அலகுக்கு (ஒரு இட்ரியம், இரண்டு பேரியம், மூன்று காப்பர்) 6.9க்கு மேல் ஆக்சிஜன் இருந்தால்தான் 92 கெல்வின் கிடைக்கும். 6.6 அளவில் அது சுமார் 60 கெல்வினுக்கு இறங்கிவிடும், 6.3க்கு வந்தால் மீக்கடத்தலே இல்லை, வெறும் மின்காப்பி. இந்த மூன்று வில்லைகளையும் மேசையில் அருகருகே வைத்தால் மூன்றும் கறுப்புத்தான். கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஆக்சிஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கி, 450 டிகிரியில் ஒரு நாள் முழுக்க நிறுத்து. அவசரப்பட்டு சூடான வில்லையை வெளியே எடுத்தால் அத்தனை நாள் வேலையும் போய்விடும். வில்லை மிக அடர்த்தியாக இருந்தால் ஆக்சிஜன் உள்ளே நுழையவே நேரமெடுக்கும். மேல்தோல் நல்லதாகவும் நடுப்பகுதி கெட்டதாகவும் நின்றுவிடும்.

வாயு வெளியேறும் முனையில், வாயு குமிழியிட்டுப் போகும் நீர்க் குடுவை வைத்திருப்பார்கள். உலை ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீர் பின்னோக்கி இழுபடும். உலைக்கும் அந்த நீர்க் குடுவைக்கும் நடுவே ஒரு காலிக் குடுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உலையை ஏற்று. ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, தீப்பிடிக்கும்.

எக்ஸ்ஆர்டியில் படிக அலகின் பக்க நீளங்களான ஏ, பி, சி மூன்றும் தெரியும். அதில் ஏ, பி இரண்டும் 3.82, 3.89 ஆங்ஸ்ட்ராம் என்று தனித்தனியாக வந்து, சி 11.68 அருகில் இருந்தால் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. ஏ, பி இரண்டும் 3.86 என்று சமமாகி, சி 11.8ஐத் தாண்டினால் மறுபடி 450 டிகிரிக்கு அனுப்பு. செய்த வில்லைகளை டெசிக்கேட்டரில் வை. ஈரம் பட்டால் இந்தப் பொருள் சிதையும்.

இனி அளவீடு. வில்லையிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு துண்டு அறுத்திருக்கிறாய், மின்னழுத்த முனைகளின் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஒய்பிசிஓ வில்லையின் தடைத்திறன் அறை வெப்பநிலையில் சுமார் 2 மில்லி ஓம் சென்டிமீட்டர். அப்படியானால் துண்டின் தடை வெறும் 25 மில்லி ஓம். வெள்ளிப் பசையும் கம்பியும் சேர்ந்து சில ஓம் இருக்கும். அதனால்தான் நான்கு முனை: வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். 10 மில்லி ஆம்பியர் விட்டால் 250 மைக்ரோ வோல்ட் வரும். கம்பிகள் சேருமிடங்களில் வெப்பநிலை வேறுபாட்டால் எழும் மின்னழுத்தமே சில மைக்ரோ வோல்ட் இருக்கும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு இரண்டு முறை அள. வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான அளவு.

வெப்பநிலை இறங்குகிறது, 91 அருகில் தடை சரிகிறது, பூஜ்யமாகிறது. நோட்டில் என்ன எழுதுவாய்? உன் வோல்ட்மீட்டரின் இரைச்சல் 100 நானோ வோல்ட் என்றால், 10 மில்லி ஆம்பியரில் அது 10 மைக்ரோ ஓம். உன் துண்டின் அளவுக்குத் தடைத்திறன் 0.8 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். 77 கெல்வினில் சாதாரணச் செம்பின் தடைத்திறனே சுமார் 0.2தான்! அதே இடத்தில் ஒரு செம்புத் துண்டை வைத்திருந்தாலும் உன் மீட்டர் "பூஜ்யம்" என்றுதான் சொல்லியிருக்கும். எனவே பூஜ்யம் என்று எழுதாதே, "0.8க்குக் குறைவு" என்று எழுது. மின்னோட்டத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் எல்லை பத்து மடங்கு இறங்கும், ஆனால் ஒட்டுமுனைகளில் சூடு நூறு மடங்கு ஏறும். 2 ஓம் முனையில் 100 மில்லி ஆம்பியர் என்றால் 20 மில்லி வாட்; வெப்பநிலைமானி சொல்வதைவிட மாதிரி சூடாக இருக்கும். அதைவிட நூறு அளவீடுகளைச் சராசரி எடு. இரைச்சல் முறையின்றி ஏறி இறங்கும் வகையாக இருந்தால் பத்தில் ஒன்றாகும்.

பொய்ப் பூஜ்யங்களும் உண்டு. குளிரில் வெள்ளிப் பசை சுருங்கி வெடித்து மின்னோட்ட முனை கழன்றுவிட்டால், மின்னோட்ட மூலம் தன் மின்னழுத்த உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிடும். மின்னோட்டம் இல்லை, மின்னழுத்தமும் இல்லை. திரையில் மட்டும் அழகான மீக்கடத்தி தெரியும். தொடரில் ஒரு 1 ஓம் தரத் தடையைப் போட்டு, அதன்மேல் 10 மில்லி வோல்ட் நிற்கிறதா என்பதையும் கூடவே பதிவு செய். மின்னழுத்த முனைகள் மின்னோட்டம் பாயாத ஓரத்தில் ஒட்டியிருந்தாலும், வில்லைக்குள் கீறல் விழுந்து மின்னோட்டம் சுற்றிப் போனாலும் பூஜ்யம் வரும், சில நேரம் எதிர்க்குறியோடும் வரும். உண்மையான மாற்றம் என்றால் சூடேற்றும்போதும் அதே வெப்பநிலையில் திரும்பும். மின்னோட்டத்தைக் கூட்டினால் சரிவின் அடிவால் கீழ்நோக்கி நகரும். அறுந்த கம்பிக்கு மின்னோட்டம் கூடினதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. இறங்கும் கோடும் ஏறும் கோடும் இரண்டு மூன்று கெல்வின் விலகினால், மாதிரியும் வெப்பநிலைமானியும் ஒன்றாகக் குளிரவில்லை. நிமிடத்துக்கு அரை கெல்வினுக்கு இறக்கு.

2023இல் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று அறிவிக்கப்பட்டபோது, 104 டிகிரி செல்சியஸ் அருகே தடை தடாலென்று விழுந்ததைக் காட்டினார்கள். அந்த வெப்பநிலையில் படிக அமைப்பு மாறுவது மாதிரியில் கலந்திருந்த காப்பர் சல்பைடு. கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தபோது அது மின்காப்பியாக இருந்தது. விழும் கோடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவு சொல்ல முடியாது என்பதால்தான் காந்த அளவீட்டையும் கேட்பார்கள். அதிலும் கவனம் வேண்டும். காந்தப் புலமில்லாமல் குளிர்வித்துப் பிறகு புலம் கொடுத்தால், மீக்கடத்தியாக இல்லாமல் தடை மட்டும் பூஜ்யமான ஒரு கற்பனைக் கடத்திகூடப் புலத்தை உள்ளே விடாது. புலத்தோடு குளிர்விக்கும்போது அது வெளியே தள்ளப்படுவதுதான் 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது. இரண்டு கோடுகளையும் எடு. வில்லையில் நூலிழைபோல ஒரு பாதை மட்டும் மீக்கடத்தினாலும் தடை பூஜ்யமாகிவிடும். எவ்வளவு பங்கு மாறியது என்பதைக் காந்த அளவீடுதான் சொல்லும்.

நைட்ரஜன் பற்றி உன் அம்மாவாகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். 30 கன மீட்டர் அறையில் ஐந்து லிட்டர் கொட்டினால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 18.5க்கு வந்துவிடும். இன்னும் இறங்கினால் மூச்சு முட்டாது, எச்சரிக்கையே இருக்காது, மயக்கம்தான் வரும். அலாரம் அடித்தால் எதையும் எடுக்காமல் வெளியே போய்விடு. டியூவரோடு (திரவ நைட்ரஜன் வைக்கும் குடுவை) நீயும் ஒரே லிஃப்டில் ஏறாதே. மூடியை இறுக்காதே. முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு, தளர்வான கையுறை, காலணிக்கு வெளியே விழும் முழுக்கால் சட்டை. திறந்தே கிடக்கும் திரவத்தில் காற்றின் ஆக்சிஜன் கரைந்து சேரும், கொதிநிலையும் ஏறும். பழைய திரவத்தை 77 என்று நம்பி வெப்பநிலைமானியைச் சரிபார்க்காதே.

குளிர்விக்கும் முதல் நாள், மாதிரியின் இடத்தில் அதே அளவுச் செம்புத் துண்டை வைத்து, அதே கம்பி, அதே மின்னோட்டத்தில் 300இலிருந்து 77 வரை ஒருமுறை ஓட்டு. அதில் வரும் இரைச்சல் எண்ணையும், உலைக்கு முன்னும் பின்னும் உள்ள எடைகளையும் எனக்கு எழுது. அந்த எண்களை வைத்து எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அம்மா