இன்குபேட்டருக்குள் தண்ணீர் பாட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட படிப்பு வழிகாட்டி இணைப்பில் மருத்துவ மரபியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கு நான்கே வரி. அதில் ஒரு வரி, 'ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை' என்கிறது. நான் அந்தப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் தக்கலை, இப்போது பயிற்சி சென்னையில் ஓர் ஆய்வகத்தில். ஏசி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். உட்காரத்தான் நேரமில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் பாட்டா கேட்பது ஒன்றேதான்: "மக்களே, நீ டாக்டருக்கா படிக்க, நர்சுக்கா?" இரண்டும் இல்லை என்றால் முகம் வாடிவிடும். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று டாக்டர் பெரும்பாலும் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிடுவார். ஆனால் செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கி இருக்கும் இழைகளான குரோமோசோம்களில் 21-ஆவது தனியாக ஒன்று கூடியிருக்கிறதா, இல்லை வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்பது முகத்தில் தெரியாது. 100-இல் ஏறக்குறைய 95 குழந்தைகளுக்கு முதல் வகைதான். ஒட்டிய வகை என்றால் அப்பா, அம்மா இருவர் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும். அவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரலாம். இதைக் கண்ணால் பார்க்கும்படி எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

அதற்குப் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் வேண்டும். உள்ளே இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து, இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியில் 37 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தால் வெள்ளையணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரியத் தொடங்கும். குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் கட்டத்தில் அந்தப் பிரிவைப் பாதியில் நிறுத்த கால்ச்சிசின். நம் மாநிலப் பூ செங்காந்தள் இருக்கிறதே, அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள அதே நஞ்சு! அப்புறம் நீர்த்த உப்புக் கரைசலில் செல்லை ஊத வைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்களை எண்ண வேண்டும். பொதுவாக 20 செல்.

இதில் சொட்டுவதுதான் பாடு. மழைநாளில் ஒரு விதமாகப் பரவும், வெயில்நாளில் வேறு விதம். ஆப்ப மாவைச் சட்டியில் சுழற்றுவது மாதிரி, கை பழகினால்தான் உண்டு. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-இல்தான் உறுதியானது. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். அதற்கு முன்னால் முப்பது வருடத்துக்கும் மேலாக 48 என்றே பாடம் நடத்தியிருக்கிறார்கள். செல்லை ஒழுங்காகப் பரப்பத் தெரியாமல், குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததை எண்ணியதுதான் கோளாறு. எங்கள் பேட்ச்சில் தகடு கெட்டுப்போய் யாராவது அழுதால் இந்தக் கதையைச் சொல்லித்தான் தேற்றுவோம்.

போன மாதம் குலசேகரத்திலிருந்து ஒரு குழந்தையின் ரத்தம் வந்தது. நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நானே எடுத்துக்கொண்டேன். ஊதா மூடி. அதில் இருப்பது ஈடிடிஏ. அதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் செல் வளர்ப்புக்கு ஒத்துவராது. போதாக்குறைக்கு சனிக்கிழமை அனுப்பி, ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடந்து, 700 கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தது. இருந்தாலும் வைத்துப் பார்த்தோம், வளரவில்லை. அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஊசி. எடுத்து அனுப்பியவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. டிஎன்ஏ சோதனைக்கு ஊதா மூடிதான் சரி. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வரும் சில நோய்களுக்கு அந்தச் சோதனைதான் கேட்பார்கள். எது எதற்கு என்று தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ரத்தம் எடுக்கும் இடத்திலும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்று உங்கள் இணைப்பு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, சேர நினைக்கும் தங்கச்சி, தம்பிகளுக்கு ஒன்று. துணைமருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் பட்டப்படிப்புக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று கணக்கு வருகிறது. அதில் எத்தனை மணி நேரம் நோயாளிகளின் ரத்தத்தை உங்கள் கையில் தருவார்கள் என்று கல்லூரியில் கேளுங்கள். போன மாதம் ஆய்வகத்துக்கு எத்தனை சாம்பிள் வந்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் முதலில் விசாரிக்கப் போன கல்லூரியில் (பெயர் வேண்டாம்) சுவர் முழுக்க டிஎன்ஏ படம். இன்குபேட்டர் கதவைத் திறந்தால் யாரோ தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். பிளக் தரையில் கிடந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் பணப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.